எவரெஸ்ட் மலைக்காட்சி விமானம்: அப்பா அம்மாவுக்கு எடுக்கலாமா?

உங்கள் கேள்வியை முதலில் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். நவம்பர் முதல் வாரத்தில் அப்பாவையும் (72 வயது, ரத்த அழுத்தத்துக்கு மாத்திரை) அம்மாவையும் (67 வயது, மூட்டுவலி) முக்திநாத் யாத்திரைக்கு அழைத்துப் போகிறீர்கள். போகும்போது காத்மாண்டுவில் இரண்டு இரவு, திரும்பும்போது ஓர் இரவு. ‘எவரெஸ்ட் மேலே பறந்து காட்டும் விமானம்’ என்று டிராவல்ஸ்காரர் தனியாகப் பணம் கேட்கிறார். எடுக்கலாமா, விமானமா ஹெலிகாப்டரா, எந்த சீட் கேட்பது, பயமில்லாமல் ஏறலாமா என்று கேட்டிருக்கிறீர்கள்.

எடுங்கள். ஹெலிகாப்டர் வேண்டாம், விமானம் போதும். ஆனால் எந்த நிறுவனம், எந்த சீட் என்பதெல்லாம் இரண்டாவது. எந்தக் காலையில் போகிறீர்கள் என்பதுதான் முதல். கும்பகோணம் பக்கத்திலிருந்து யாத்திரைக் குழுக்களோடு பல வருஷமாக நேபாளம் போய்வருகிறேன். இந்த விமானத்தில் ஏறி வாயடைத்து இறங்கியவர்களையும் பார்த்திருக்கிறேன், ஏறியும் பஞ்சுப்பொதி மாதிரி மேகத்தை மட்டும் பார்த்துவிட்டுத் திரும்பியவர்களையும் பார்த்திருக்கிறேன். இருவருக்கும் ஒரே கட்டணம்தான்.

டிராவல்ஸ்காரர் சொன்னதில் ஒரு திருத்தம். இந்த விமானம் எவரெஸ்டுக்கு மேலே பறக்காது. 2020 டிசம்பரில் நேபாளமும் சீனாவும் சேர்ந்து அறிவித்த கணக்குப்படி எவரெஸ்டின் உயரம் 8,848.86 மீட்டர், அதாவது 29,032 அடி. இப்போது இந்தச் சேவைக்குப் பெரும்பாலும் ஓடுவது ஏ.டி.ஆர் 72 என்ற இரட்டை விசிறி விமானம். அது 25,000 அடிக்கு மேல் ஏறாது. சிகரம் விமானத்தைவிட உயரத்தில் இருக்கும். நீங்கள் பக்கவாட்டில், நேபாள எல்லைக்குள்ளேயே, பல கிலோமீட்டர் தள்ளி இருந்து பார்ப்பீர்கள். இதில் ஏமாற்றம் ஒன்றும் இல்லை. மேலிருந்து பார்த்தால் மலை தட்டையாகிவிடும். பக்கத்திலிருந்து பார்க்கும்போதுதான் அதன் நெடுமை கண்ணுக்குப் புரிகிறது. விமானத்தில் உட்கார்ந்துகொண்டு ஒரு மலையைக் கொஞ்சம் தலை நிமிர்த்திப் பார்ப்பது வேறு எங்கேயும் சுலபமாகக் கிடைக்காது. சிகரத்துக்கு மேலேயே பறப்பதை 1933 ஏப்ரல் 3-ஆம் தேதி முதன்முதலாகச் செய்தார்கள். பீகாரில் பூர்ணியா பக்கத்திலிருந்து இரண்டு பிரிட்டிஷ் இரட்டைச்சிறகு விமானங்கள் கிளம்பிப் போயின.

விமானம் காத்மாண்டு திரிபுவன் விமான நிலையத்திலிருந்து கிளம்பிக் கிழக்கே போகும், எவரெஸ்ட் பகுதி வரை போய்த் திரும்பும். மொத்தம் ஒரு மணி நேரம். போகும்போது இமயமலைத்தொடர் உங்கள் இடப்பக்கம், திரும்பும்போது வலப்பக்கம். முதலில் லாங்டாங் லிருங் (7,227 மீட்டர்), அதற்குப் பின்னால் திபெத்துக்குள் ஷிஷாபங்மா (8,027), அப்புறம் டோர்ஜே லாக்பா, கௌரிசங்கர், மேலுங்ட்சே, சோ ஓயு என்று வரிசையாக வரும். விமானத்தில் மலைகளின் கோட்டுருவம் போட்ட ஒரு தாள் கொடுப்பார்கள். அதை வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாக அடையாளம் பார்த்துக்கொண்டே போகலாம். பணிப்பெண்ணும் சீட்டுக்கு சீட்டு வந்து குனிந்து விரல் நீட்டிக் காட்டுவார். ஒவ்வொருவராக விமானி அறை வாசல் வரை கூப்பிட்டு முன்கண்ணாடி வழியே காட்டும் பழக்கமும் உண்டு. கிடைத்தால் அப்பாவை அனுப்புங்கள். அதை நம்பி மட்டும் டிக்கெட் வாங்காதீர்கள்.

எவரெஸ்டைக் கண்டுபிடிப்பதில் எல்லோரும் தடுமாறுவார்கள். வருகிற மலைகளிலேயே பெரிதாகத் தெரிவது எதுவோ அதுதான் எவரெஸ்ட் என்று நினைத்துப் படம் எடுத்துத் தள்ளுவார்கள். உண்மையில் எவரெஸ்ட் முன்னால் நிற்காது. நுப்ட்சே, லோட்சே என்று இரண்டு சிகரங்களையும் இணைத்து ஒரு நீண்ட பனிச்சுவர் இருக்கும். அந்தச் சுவருக்குப் பின்னாலிருந்து கருத்த முக்கோணமாக ஒன்று எட்டிப் பார்க்கும். அதுதான். அந்த உயரத்துக் காற்று பனியைத் துடைத்துவிடுவதால் பாறையின் கருமை தெரிகிறது. குளிர் மாதங்களில் உச்சியிலிருந்து கிழக்குப் பக்கமாக ஒரு வெள்ளைப் புகை கொடி மாதிரி நீண்டு பறந்துகொண்டிருக்கும். அது தெரிந்தால் சந்தேகமே வேண்டாம். அதன் வலப்பக்கம் கொஞ்சம் தள்ளி நாற்காலி மாதிரி தனியாக உட்கார்ந்திருப்பது மகாலு (8,485). நல்ல தெளிவான நாளில் கிழக்குக் கோடியில் கஞ்சன்ஜங்காவும் தெரியும். கருத்த முக்கோணத்தின் உச்சிக்கு அருகே மஞ்சளாக ஒரு பட்டை ஓடுவதைக் கவனியுங்கள். அந்தப் பாறையும் அதற்கு மேலே உச்சி வரை உள்ள சுண்ணாம்புப் பாறையும் ஒரு காலத்தில் கடலின் அடியில் படிந்தவை. உச்சியிலிருந்து எடுத்த கல்லில் கடல் உயிரினங்களின் தடம் இருக்கிறது.

ஒரு வருஷம் திருவையாறு பக்கத்திலிருந்து ஒரு பாட்டி எங்கள் குழுவில் வந்திருந்தார். அதற்கு முன் விமானத்தில் ஏறியதே இரண்டு தடவைதான். கிளம்பின நேரத்திலிருந்து முன்சீட்டின் முதுகைப் பிடித்துக்கொண்டு கண்ணை மூடியே உட்கார்ந்திருந்தார். பணிப்பெண் வந்து ‘கௌரிசங்கர்’ என்று சொன்னதும் கண்ணைத் திறந்தார். இரட்டைச் சிகரம் அது, 7,134 மீட்டர். உயரமான வடக்குச் சிகரம் சங்கரன், தெற்கே இருப்பது கௌரி. ஒரு காலத்தில் ஐரோப்பியர்கள் இதுதான் எவரெஸ்ட் என்று குழம்பியிருந்தார்கள். 1903-இல்தான் இரண்டும் வேறு என்று தெளிவானது. பாட்டிக்கு இந்தக் கதை எதுவும் தெரியாது. இடுப்பிலிருந்து சுருக்குப்பையை எடுத்து, ஒரு சிட்டிகை விபூதியை நெற்றியில் இட்டுக்கொண்டு, மீதியை ஜன்னல் கண்ணாடியில் தொட்டு வைத்தார். அதற்குப் பிறகு இறங்கும்வரை கண்ணை மூடவில்லை. எவரெஸ்ட் வந்தபோதுகூட அவர் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டிருந்தது கௌரிசங்கரைத்தான்.

உங்கள் அம்மாவுக்கும் அது பிடிக்கும் என்று நினைக்கிறேன். கௌரிசங்கர் வரும்போது தவறாமல் சொல்லுங்கள்.

சரி, காலை விஷயத்துக்கு வருவோம். ராத்திரி முழுக்கக் குளிர்ந்த காற்று பள்ளத்தாக்குகளில் அசையாமல் படிந்திருக்கும். வெயில் ஏற ஏற மலைச்சரிவு சூடாகும். ஈரக் காற்று அந்தச் சரிவைப் பிடித்துக்கொண்டு மேலே ஏறும், ஏறிய இடத்தில் மேகமாகும். அதனால்தான் விடிந்ததும் துல்லியமாகத் தெரிகிற சிகரங்கள் பத்து மணிவாக்கில் மறைந்துவிடுகின்றன. காற்றின் குலுக்கலும் அப்போதுதான் கூடும். ஆகவே ஆறு, ஆறரை மணிக்குக் கிளம்பும் முதல் நடைக்கே டிக்கெட் கேளுங்கள். இரண்டாம் நடை வரை சரி. ‘எட்டரைக்கு இருக்கிறது, காலையில் நிம்மதியாகச் சாப்பிட்டுவிட்டுப் போகலாம்’ என்று யாராவது சொன்னால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள்.

இதில் நான் பட்டதைச் சொல்கிறேன். ஓர் அக்டோபர் ஆரம்பத்தில் பதினான்கு பேரோடு ஐந்தரை மணிக்கே உள்நாட்டு முனையத்தில் போய் உட்கார்ந்துவிட்டோம். காத்மாண்டு மேலே மேகம் என்று தள்ளிக்கொண்டே போனார்கள். ஒன்பது மணி, ஒன்பதரை, பத்து. ரத்து செய்துவிட்டு அடுத்த நாள் போகலாமா என்று கேட்டேன். அறிவிப்பு வந்துவிடும், இன்னும் கொஞ்ச நேரம் என்று எங்களை அனுப்பிய ஏஜென்ட் போனிலேயே இழுத்தடித்தார். பத்தரைக்கு விமானம் கிளம்பியது. ஒரு மணி நேரமும் வெள்ளை. ஒரே ஒரு இடத்தில் மேகத்துக்கு மேலே ஏதோ ஒரு கருப்பு நுனி தெரிந்தது, ‘எவரெஸ்ட்’ என்றார்கள், அதற்குள் மறைந்துவிட்டது. விமானம் ரத்தானால்தான் பணம் திரும்பும். பறந்துவிட்டால் பார்த்ததாகத்தான் கணக்கு. அன்றிலிருந்து எனக்கு ஒரு வழக்கம். ஒன்பது மணிக்குள் கிளம்பவில்லை என்றால், போர்டிங் ஆவதற்கு முன்னாலேயே கவுன்டரில் போய் மறுநாளுக்கு மாற்றிக் கேட்பேன். எல்லா நாளும் மாற்றித் தரமாட்டார்கள். ஆனால் கேட்காதவருக்கு ஒருநாளும் கிடைக்காது.

அதனால்தான் உங்கள் பயணத் திட்டத்தில் இந்த விமானத்தைக் காத்மாண்டு போய்ச் சேர்ந்த மறுநாள் காலையில் வையுங்கள். அன்று ரத்தானால் அதற்கடுத்த காலை இருக்கிறது. அதுவும் போனால் முக்திநாத்திலிருந்து திரும்பி வந்தபிறகு ஒரு காலை இருக்கிறது. மூன்று வாய்ப்பு. பெரும்பாலான டிராவல்ஸ் இதைக் கடைசி நாளில், ஊருக்குத் திரும்பும் விமானம் இருக்கிற அதே நாள் காலையில் வைப்பார்கள். அவர்களுக்கு அது வசதி, உங்களுக்கு அது ஒரே ஒரு சீட்டை வைத்து ஆடும் ஆட்டம்.

நவம்பர் முதல் வாரம் நல்ல தேர்வு. அக்டோபர் நடுவிலிருந்து நவம்பர் கடைசி வரை மழை கழுவிவிட்டுப் போன வானம். டிசம்பர், ஜனவரியில் மலை இன்னும் தெளிவாகத் தெரியும். ஆனால் காத்மாண்டு பள்ளத்தாக்கில் மூடுபனி இறங்கி விமான நிலையமே தாமதமாகத் திறக்கும் நாட்கள் உண்டு. மார்ச், ஏப்ரலில் காட்டுத்தீப் புகையும் தூசும் கலந்து அடிவாரம் மங்கலாக இருக்கும். ஜூனிலிருந்து செப்டம்பர் முடியும்வரை மழைக்காலம். அந்த நான்கு மாதம் இந்த விமானத்துக்கு யார் கேட்டாலும் வேண்டாம் என்றுதான் சொல்வேன்.

நவம்பர் என்றாலும் ஒரு எச்சரிக்கை. அது நம் ஊரில் புயல் காலம். வங்கக் கடலில் உருவாகும் புயலின் ஈரம் சில சமயம் வடக்கே இமயமலை வரை போய்விடும். 2014 அக்டோபர் 12-ஆம் தேதி ஹுட்ஹுட் புயல் விசாகப்பட்டினத்தில் கரையைக் கடந்தது. இரண்டே நாளில் முக்திநாத்துக்கு மேலே உள்ள தோரோங் கணவாய்ப் பக்கம் பெரும் பனிப்புயல். மலையேற வந்தவர்களும் வழிகாட்டிகளுமாக நாற்பது பேருக்கு மேல் இறந்தார்கள். நீங்கள் கிளம்புகிற வாரம் ஆந்திரா, ஒடிசா பக்கம் புயல் என்று செய்தி வந்தால் நேபாள வானிலையையும் சேர்த்துப் பாருங்கள். இது விமானத்துக்கு மட்டுமல்ல, மொத்த யாத்திரைக்கும்.

இனி பயம் பற்றிக் கேட்டது. இதை மழுப்பாமல் சொல்ல வேண்டும். 2011 செப்டம்பர் 25, ஞாயிற்றுக்கிழமை காலை, எவரெஸ்ட் காட்டிவிட்டுத் திரும்பிக்கொண்டிருந்த புத்தா ஏர் நிறுவனத்தின் சிறிய பீச்கிராஃப்ட் 1900டி விமானம் காத்மாண்டுவுக்குத் தெற்கே லலித்பூர் மாவட்டத்தில் கோட்டண்டா மலையில் மோதியது. விமானத்தில் இருந்த 19 பேரும் இறந்தார்கள். 10 பேர் இந்தியர்கள், அவர்களில் 8 பேர் நம் திருச்சிக்காரர்கள். எங்கள் பக்கத்தில் அந்தச் செய்தியை இன்னும் யாரும் மறக்கவில்லை. ஒவ்வொரு குழுவிலும் யாராவது ஒருவர் அதைக் கேட்பார், நானும் மறைக்காமல் சொல்வேன். எவரெஸ்ட் பக்கத்தில் அன்று எந்தக் கோளாறும் நடக்கவில்லை. மலையைப் பார்த்து முடித்து, விமான நிலையத்தை நெருங்கி, இறங்கப் போகிற நேரம். மழைக்கால மேகம் தாழ்ந்து கிடந்தது. அந்த மேகத்துக்குள் விமானம் இருக்க வேண்டிய உயரத்துக்குக் கீழே இறங்கிவிட்டது. தேதியைக் கவனியுங்கள், செப்டம்பர் கடைசி. மழைக்காலம் வேண்டாம் என்று நான் பிடிவாதமாகச் சொல்வதற்குக் காரணம் அதுதான்.

நேபாள நிறுவனங்கள் எதையும் ஐரோப்பிய ஒன்றியம் தன் வான்வெளிக்குள் விடுவதில்லை, 2013 டிசம்பரிலிருந்து தடைப்பட்டியலில் வைத்திருக்கிறது. 2023 ஜனவரியில் நேபாளத்தின் பொக்காரா நகரில் இறங்கப் போன ஏ.டி.ஆர் 72 விழுந்து 72 பேர் இறந்தார்கள். ஆகவே பெரிய விமானம் என்றால் ஆபத்தே இல்லை என்று என்னால் சொல்ல முடியாது. நான் செய்வது இவ்வளவுதான்: நல்ல மாதம், முதல் இரண்டு நடைக்குள், தெளிந்த வானம். இந்த மூன்றில் ஒன்று குறைந்தாலும் ஏறுவதில்லை. யாரையும் ஏற்றுவதும் இல்லை. விமானி பறக்க மறுத்தால், ரத்து செய்தால், அவருக்கு மனதார நன்றி சொல்லுங்கள். கவுன்டரில் நின்று ‘இவ்வளவு தூரம் வந்தோம், எப்படியாவது அனுப்புங்கள்’ என்று சத்தம் போடும் நம் ஆட்களைப் பார்க்கும்போது எனக்கு அடிவயிறு கலங்கும். அப்பாவிடம் இந்த விஷயத்தை முன்கூட்டியே சொல்லி வையுங்கள், ரத்தாகும்போது மனம் உடைய மாட்டார்.

ஹெலிகாப்டர் ஏன் வேண்டாம் என்றேன்? அது மோசம் என்பதற்காக அல்ல. இளவயதுக்காரர்களுக்கு அது அற்புதமான அனுபவம். காத்மாண்டுவிலிருந்து லுக்லா என்ற மலை ஊருக்குப் போய், எவரெஸ்ட் அடிவார முகாம் பக்கத்தில் காலாபத்தர் என்ற இடத்தில் இறக்கிச் சில நிமிடம் நிற்க விடுவார்கள். அந்த இடம் 5,500 மீட்டருக்கும் மேல். அங்கே மூச்சில் கிடைக்கும் பிராணவாயு நம் ஊரில் கிடைப்பதில் பாதிதான் இருக்கும். நடந்து போகிறவர்கள் எட்டு, பத்து நாள் எடுத்துக்கொண்டு உடம்பைப் பழக்கிக்கொண்டு அந்த உயரத்துக்குப் போகிறார்கள். ஹெலிகாப்டர் இரண்டு மணி நேரத்துக்குள் கொண்டுபோய் வைத்துவிடும். அவ்வளவு உயரத்தில் காற்று மெலிந்திருப்பதால் ஹெலிகாப்டரால் எல்லோரையும் ஒரே தடவையில் தூக்க முடியாது. பெரிச்சே போன்ற இடத்தில் பாதிப் பேரை இறக்கிவிட்டு இரண்டு நடையாகக் கொண்டு போவார்கள். பெரிச்சேயே 4,300 மீட்டருக்கு மேல். 72 வயதில் ரத்த அழுத்தம் உள்ளவரை அந்தக் குளிரில் காத்திருக்க வைப்பது எனக்குச் சம்மதமில்லை. விலையும் விமானத்தைப் போலப் பல மடங்கு. தரையிறங்கும் அனுமதி அவ்வப்போது மாறும் என்பதும் ஒரு சிக்கல்.

விமானத்தில் இந்தத் தொல்லை எதுவும் இல்லை. கேபினுக்குள் காற்றழுத்தம் வைத்திருப்பார்கள், டெல்லி விமானத்தில் உட்கார்ந்திருப்பது போலத்தான். அம்மாவின் மூட்டுவலிக்கும் ஏ.டி.ஆர் நல்லது. பின்பக்க வாசலில் ஐந்தாறு படிதான். கைப்பிடி குளிர்ந்திருக்கும், ஒரு கையுறை கொடுங்கள். அப்பா காலை மாத்திரையை வழக்கம்போலவே போடட்டும், மருத்துவரிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள். உயரம் அப்பாவுக்கு முக்திநாத்தில்தான் வேலை வைக்கும். அது 3,700 மீட்டருக்கு மேல். அதற்கான கேள்வியைத் தனியாக மருத்துவரிடம் கேளுங்கள்.

சீட். நல்ல நிறுவனங்கள் இந்தச் சேவைக்கு ஜன்னல் சீட்டை மட்டும்தான் விற்கும். உங்களுக்கும் அப்படித்தானா என்று கேட்டு வாட்ஸ்அப்பிலாவது எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். ஏ.டி.ஆரில் இறக்கை மேலே இருக்கிறது, கீழே பார்ப்பதற்கு மறைக்காது. ஆனால் நடுவரிசைக்கு நேரே எஞ்சினும் விசிறியும் வந்து நிற்கும். ஆகவே பின்வரிசை, அல்லது முற்றிலும் முன்வரிசை. பின்வரிசைக்கு இன்னொரு வசதி, வாசல் அங்கேயே இருப்பதால் அம்மா நடக்க வேண்டியதில்லை. இடப்பக்கமா வலப்பக்கமா என்று ரொம்ப யோசிக்காதீர்கள், இரண்டு பக்கத்துக்கும் ஒவ்வொரு முறை காட்டுவார்கள். கேட்டுக் கிடைத்தால் அம்மாவுக்கு இடப்பக்கம் வாங்குங்கள். மலை முதலில் வருவது அந்தப் பக்கம்தான். வலப்பக்கத்துக்காரர் அரை மணி நேரம் எதிர்ப்பக்கத்து ஜன்னலைப் பார்த்துத் தவித்துக்கொண்டிருக்க வேண்டும். எழுந்து போய் எதிர்ப்பக்கம் குனிந்து பார்ப்பவர்கள் இருப்பார்கள். அம்மாவைப் பயமில்லாமல் அப்படியே உட்காரச் சொல்லுங்கள்.

படம் எடுக்க ஃபிளாஷை அணைத்துவிட்டு, ஜன்னலுக்குக் கிட்டத்தில் போனை வைத்து, சட்டை நிறம் கண்ணாடியில் விழாமல் ஒரு கருப்புத் துண்டால் மறைத்துக்கொண்டால் போதும். வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு போகாதீர்கள். முதல் பத்து நிமிடம் எடுங்கள், அப்புறம் போனைப் பையில் போட்டுவிட்டுப் பாருங்கள். ஜன்னலில் கீறல் இருக்கத்தான் செய்யும்.

பணம். டிராவல்ஸ்காரர் சொன்ன தொகையை விமான நிறுவனத்தின் இணையதளத்தில் உள்ள கட்டணத்தோடு ஒப்பிட்டுப் பாருங்கள். புத்தா ஏர், யெதி ஏர்லைன்ஸ் இரண்டுமே இந்தச் சேவையை நடத்துகின்றன. இந்தியர்களுக்குத் தனிக் கட்டணம் உண்டா என்று நேரடியாகக் கேளுங்கள். ரத்தானால் முழுப் பணமும் யாரிடமிருந்து, எத்தனை நாளில் வரும் என்று கேளுங்கள். ஹோட்டலிலிருந்து கொண்டுவிடும் வண்டி அதில் சேர்த்தியா என்பதும். அடையாளத்துக்கு பாஸ்போர்ட் அல்லது வாக்காளர் அட்டை, அசல். நேபாள நேரம் நம்மைவிடக் கால் மணி முன்னால் என்பதை மறந்து அலாரம் வைப்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். ஹோட்டலில் முந்தின இரவே சொன்னால் ரொட்டி, வாழைப்பழம் கட்டிக் கொடுப்பார்கள். வெறும் வயிற்றோடு போக வேண்டாம், நிறையச் சாப்பிட்டுவிட்டும் போக வேண்டாம்.

ஒருவேளை இதற்குப் பணம் அதிகம் என்று தோன்றினால் வேறு வழி இல்லாமல் இல்லை. நீங்கள் டெல்லி வழியாக வருவதாக இருந்தால் டெல்லி–காத்மாண்டு விமானத்தில் இடப்பக்கம் ஜன்னல் எடுங்கள். தௌலகிரி, அன்னபூர்ணா, மனாஸ்லு எல்லாம் அங்கிருந்தே தெரியும். திரும்பும்போது வலப்பக்கம். காத்மாண்டுவிலிருந்து பொக்காராவுக்கு விமானத்தில் போனால் வலப்பக்கம். பொக்காராவிலிருந்து, முக்திநாத்துக்குப் போகும் வழியில் உள்ள ஜோம்சோமுக்குப் போகிற சிறிய விமானம் அன்னபூர்ணாவுக்கும் தௌலகிரிக்கும் நடுவே காளி கண்டகி பள்ளத்தாக்கு வழியாக இருபது நிமிடம் பறக்கிறது. இரண்டு பக்கமும் 8,000 மீட்டர் மலை, நடுவில் நீங்கள். எவரெஸ்ட் விமானத்தைவிட மலைக்கு மிகக் கிட்டத்தில் போவது இதுதான். கீழே ஓடுகிற அந்த ஆற்றில்தான் சாளக்கிராமம் கிடைக்கிறது, திருமங்கையாழ்வார் பாடிய திருச்சாளக்கிராமம் இதுதான் என்று சொல்லி அழைத்துப் போகிறோம். ஆனால் இந்தத் தடம் இன்னும் கடினமானது. முற்பகலுக்குள் பள்ளத்தாக்கில் பலமான காற்று கிளம்பிவிடும் என்பதால் காலையில் மட்டுமே விமானம். 2022 மே மாதம் இதே தடத்தில் ஒரு விமானம் மலையில் மோதி 22 பேரும் இறந்தார்கள். இங்கேயும் அதே விதி: தெளிந்த காலை என்றால் ஏறுங்கள், இல்லையென்றால் ஜீப். ஜீப்பில் உடம்பு அலுத்துப்போகும், அதற்கும் ஒரு நாளைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள்.

எவரெஸ்ட் விமானம் மூன்று காலையும் ரத்தானால் அம்மாவையும் அப்பாவையும் காத்மாண்டுவுக்குக் கிழக்கே நாகர்கோட்டுக்குக் காரில் அழைத்துப் போங்கள். விடியலில் மலைத்தொடர் நீளமாகத் தெரியும், நல்ல நாளில் எவரெஸ்ட் ஒரு சிறு புள்ளியாகத் தெரியும். படி ஏற வேண்டாத ஹோட்டலாகப் பாருங்கள்.

இன்னொன்று, கேள்வியில் இல்லாதது. நீங்கள் சென்னையில் விமானம் ஏறும்போது ஜன்னல் வழியே பரங்கிமலையைப் பார்த்து அப்பாவிடம் காட்டுங்கள். 1802 ஏப்ரலில் வில்லியம் லாம்ப்டன் என்ற பிரிட்டிஷ் ராணுவ அதிகாரி அங்கேதான் சங்கிலி போட்டுத் தரையை அளக்க ஆரம்பித்தார். அந்த அடிக்கோட்டிலிருந்து முக்கோணம் முக்கோணமாக இந்தியா முழுக்க அளந்துகொண்டே போனார்கள். லாம்ப்டனுக்குப் பிறகு அந்த வேலையை ஏற்றவர் ஜார்ஜ் எவரெஸ்ட். நேபாளத்துக்குள் நுழைய அனுமதி கிடைக்காததால் பீகார் சமவெளியில் நின்றுதான் இமயமலைச் சிகரங்களைக் கருவியில் பார்த்தார்கள். அந்த அளவுகளை வைத்துக் கணக்குப் போட்டு, 15-ஆம் எண் சிகரம்தான் உலகிலேயே உயரமானது என்று 1852-இல் கண்டவர் வங்காளியான ராதாநாத் சிக்தர். 29,002 அடி என்று அறிவித்தார்கள். இன்றைய கணக்குக்கும் அதற்கும் 30 அடிதான் வித்தியாசம். 1865-இல் அதற்கு எவரெஸ்ட் பெயரை வைத்தார்கள். நேபாளிகளுக்கு அது சகர்மாதா, திபெத்தியர்களுக்குச் சோமோலுங்மா. பரங்கிமலையில் தொடங்கிய கணக்கு எங்கே போய் முடிந்தது என்பதை அப்பா அந்த ஜன்னலில் நேரில் பார்க்கப் போகிறார்.

டிக்கெட் போடுவதற்கு முன் டிராவல்ஸ்காரர் கொடுத்த நாள்வாரித் திட்டத்தை எனக்கு அனுப்புங்கள். எந்தக் காலையில் வைப்பது, எதைத் தள்ளிப் போடுவது என்று பார்த்துச் சொல்கிறேன்.